காரோ-கானும் ஒரு கொட்டாஞ்சேனைக்காரனும்

அந்தப் பெடியனுக்குப் பத்து வயதுக்கு மேல் இருக்காது. கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் முட்டவில்லை. நாலாவது நகர்வில் தன்ர எச் வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான், மணிக்கூட்டை அமத்தினான், எழும்பிப் போய்ப் பக்கத்து மேசையை விடுப்புப் பார்த்தான். அவனுக்கு எதிரே இருந்தது எங்களில் ஒருத்தி. அந்த நிலையைச் செயலியில் நாற்பது தரமாவது பார்த்து, நாற்பது தரமும் பச்சை வாங்கினவள். ஐந்து செக்கன்கூட யோசிக்கவில்லை. ஈ6 போட்டாள்.

பெடியன் திரும்பி வந்து பலகையைப் பார்த்தான். ஜி4.

மற்ற மூன்று பேரும் எங்கட ஆட்டங்களைக் கெதியாகத் தோற்று முடித்துவிட்டபடியால் சுவரோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். "ஐயோ" என்று சத்தம் போடவும் ஏலாது, நடுவர் பக்கத்தில். பிஷப் ஈ4க்குப் போனது, எஃப்3 வந்தது. ஜி6க்கு ஓடியது, எச்5 வந்தது. பத்து நகர்வு முடிய முதலே ஒரு பிஷப் சும்மா போய்விட்டது. அது 2022 ஜனவரி, கொழும்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கன நேரம் கதைக்கவில்லை. பிறகு கேட்டாள்: "எனக்கு இது தெரியும்தானே? பிறகேன் தெரியேல்லை?"

நாங்கள் நாலு பேர். மூன்று பேர் வெள்ளவத்தை, ஒருத்தன் கொட்டாஞ்சேனை. ஏ.எல். படிக்க வெள்ளவத்தையில் ஒரு ரியூட்டரிக்குப் போன இடத்தில் சிநேகிதம். 2020 ஒக்டோபர் கடைசியில் கொட்டாஞ்சேனைப் பக்கம் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் போக, வகுப்பு சூமுக்கு மாறியது. அதே மாதம்தான் நெட்ஃபிளிக்ஸில் 'த குயின்ஸ் காம்பிட்' வந்தது. யாரோ ஒருத்தற்ற அக்காவின் பாஸ்வேர்டில் நாலு பேரும் பார்த்து முடித்தோம். பிறகு, உலகமே செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். லீசெஸில் கணக்குத் திறந்தோம். ஒரு ஜன்னலில் இரசாயனவியல், மற்ற ஜன்னலில் மூன்று நிமிச பிளிட்ஸ்.

கொஞ்ச நாளில் ஒரு விசயம் விளங்கியது. சும்மா விளையாடிக்கொண்டே இருந்தால் ஒரே கிடங்கில்தான் திரும்பத் திரும்ப விழலாம். ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளை எங்களுக்கு முந்தினவர்கள் விளையாடிப் பார்த்து, எது நல்ல வழி, எது கிடங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதுதான் ஓப்பனிங். முதலில் லண்டன் சிஸ்டம் படித்தோம். லண்டனில் சொந்தக்காரர் இல்லாத வீடு வெள்ளவத்தையில் குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்ததாக ஞாபகம் இல்லை. கறுப்புக்குக் காரோ-கான். வெள்ளை ஈ4 வைத்தால் நாங்கள் சி6. அவர் டி4, நாங்கள் டி5. அவர் ஈ5 என்று தள்ளினால் நாங்கள் பிஷப்பை எஃப்5க்கு வெளியே எடுப்போம். அங்கே இருந்து மரம் கிளை விடும். கிளைக்குள் கிளை. மூன்று மாதத்தில் எங்களிடம் 700க்கு மேற்பட்ட நிலைகள் சேர்ந்துவிட்டன. இதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பது எப்படி?

அதற்குத்தான் செயலி. ஒரு நிலையைக் காட்டும், "உன்ர முறை" என்று நிற்கும். சரியான நகர்வைச் செய்தால் பச்சை, அதே நிலை திரும்பவும் நாலு மணித்தியாலம் கழித்து வரும். அதிலும் சரி என்றால் ஒரு நாள், மூன்று நாள், ஒரு கிழமை என்று இடைவெளி நீளும். பிழை விட்டால் சிவப்பு, ஆரம்பத்துக்குப் போ. இந்த யோசனை செஸ்காரர் கண்டுபிடித்தது இல்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் கருத்தில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு கெதியாக மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகம் போட்டார். 1972இல் செபஸ்டியன் லைட்னர் கடதாசி அட்டைகளையும் அறைகள் பிரித்த ஒரு பெட்டியையும் வைத்து ஒரு முறை சொன்னார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், பிழையானது முதல் அறைக்குத் திரும்பும். 1987இல் போலந்து மாணவன் பியோட்டர் வோஸ்னியாக் அந்த இடைவெளிகளைக் கணினியே கணக்குப் போடும்படி சூப்பர்மெமோவை எழுதினான். மருத்துவ மாணவர் பாவிக்கிற அன்கி அந்தக் குடும்பம். டேவிட் க்ராமலியும் இன்டர்நெஷனல் மாஸ்டர் ஜோன் பார்தொலமியூவும் தொடங்கின செஸ்ஸபிள் இதையே சதுரங்கப் பலகைக்குக் கொண்டுவந்தது. இப்போது இதே வேலையைச் செய்கிற செயலிகள் நிறைய.

எங்களுக்கு இது சொல்லி வேலையில்லாத அளவுக்குப் பிடித்துக்கொண்டது. காலையில் பல்லுத் தீட்ட முதல் ரிவிஷன். 155 பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் ரிவிஷன். (155க்கு நின்ற ஆட்களுக்குத் தெரியும், எத்தனை ரிவிஷன் முடிக்கலாம் என்று.) ஒரு நாளும் விடாமல் 112 நாள் போன கணக்கு எங்களில் ஒருத்தனுக்கு இருந்தது. அவனே மற்ற எல்லாரையும் விடக் கூடுதலாகத் தோற்றான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிஷப் போன அன்றைக்குப் பிறகுதான் இருந்து யோசித்தோம். அவளின் கணக்கைத் திறந்து பார்த்தால், எச்4க்கு எதிரே எச்5 என்ற நிலை எல்லாத் தரமும் பச்சை. பொய் இல்லை. ஆனால் அதே இடத்தில் வெள்ளை குதிரையை எஃப்3க்கு எடுத்தால் ஈ6 என்பதும் ஒரு நிலை. அதுதான் கூட வருவது, அதை இன்னும் கூடத் தரம் செய்திருக்கிறாள். மேசையில் இருந்தபோது அவளின் மனம் "காரோ-கான், பிஷப் வெளியே வந்தாச்சு, இனி ஈ6" என்று சொல்லிவிட்டது. எதிரில் என்ன வந்தது என்று கண் பார்க்கவே இல்லை.

செயலியில் ஏன் ஒரு நாளும் இது நடக்கவில்லை? ஏனென்றால் செயலி கேட்கிறது. அது ஒரு நிலையைக் காட்டி நிற்கிறது என்றாலே, இங்கே படித்த விடை ஒன்று இருக்கிறது, தேடு என்று பாதி சொல்லிவிட்டது. ரியூட்டரியில் பாஸ்ட் பேப்பரைப் பாடம் பாடமாகப் பிரித்துத் தருவார்கள் தெரியும்தானே? சமநிலைத் தாக்கம் என்று மேலே தலைப்புப் போட்டிருக்கிற தாளில் எல்லாருக்கும் சமநிலைத் தாக்கம் வரும். சோதனை மண்டபத்தில் தலைப்பு இருக்காது. போட்டி மேசையும் அப்படித்தான். "கவனம், இது உனக்குத் தெரிந்த இடம்" என்று ஒருத்தரும் மணி அடிக்க மாட்டார்கள். பத்து வயதுப் பெடியன் சிப்பாயைத் தள்ளிவிட்டு விடுப்புப் பார்க்கப் போவான், அவ்வளவுதான். விடை எங்களிடம் இருந்தது. அது கேள்வி என்று தெரியாமல் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. போனில் பலகை தட்டை. குதிரை ஒரு படம். மேசையில் குதிரைக்குப் பின்னால் பிஷப் மறையும், ராணியின் தலை மட்டும் தெரியும். போனில் பாடமாக்கினது அந்த மரக்கட்டைகளுக்கு நடுவில் உடனே ஞாபகம் வருவதில்லை. (சிப்பாயையும் ஆங்கிலத்தில் 'போன்' என்றுதான் சொல்லித் தந்தார்கள், கையில் இருப்பதும் போன். எந்தப் போனைத் தள்ளினாய் என்று கேட்டு ஒரு காலத்தில் நிறையச் சிரித்திருக்கிறோம்.)

ஆறுதல் தேடிப் போன இடத்தில்தான் சோஃபியாவைக் கண்டுபிடித்தோம். 2010 ஏப்ரல், உலகச் சம்பியன் போட்டி பல்கேரியாவில். பட்டத்தைக் காக்கப் போகிறவர் விஸ்வநாதன் ஆனந்த், மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் செஸ் படித்த எங்கட ஆள். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து விமானங்கள் நின்றுபோக, ஃபிராங்ஃபர்ட்டில் இருந்து ஏறக்குறைய 40 மணித்தியாலம் றோட்டால் போய்ச் சேர்ந்தார். எதிராளி உள்ளூர்க்காரர் வெசலின் டோபலோவ். முதல் ஆட்டம், ஆனந்த் கறுப்பு, கிரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ். 23ஆவது நகர்வில் ராஜாவை எஃப்7க்கு வைத்தார். டோபலோவ் குதிரையை எஃப்6இல் பலி கொடுத்து உள்ளே வந்துவிட்டார், ஆட்டம் போச்சு. அது ஆனந்துக்குத் தெரியாத இடம் இல்லை, வீட்டில் தயார்படுத்திக்கொண்டு போன வரி. நகர்வுகளின் ஒழுங்கு தலைக்குள் மாறிவிட்டது. உலகச் சம்பியன், பின்னால் ஒரு குழுவே நின்று தயார்படுத்தின ஆள், செஸ்பேஸ் வந்த காலம் முதலே கணினியோடு வளர்ந்த தலைமுறை. அவருக்கே அப்படி என்றால் எங்கட பிஷப் எந்த மூலைக்கு? அடுத்த ஆட்டத்தையே ஆனந்த் வென்றதும், கடைசியில் 6.5-5.5 என்று பட்டத்தைக் காப்பாற்றினதும் வேறு கதை. அந்தப் பகுதியை எங்களோடு ஒப்பிடுவதற்கு வழி இருக்கவில்லை.

பிறகு 2022இல் எல்லாருக்கும் நடந்தது எங்களுக்கும் நடந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. போனில் இருக்கிற சார்ஜ் வீட்டுக்காரரோடு கதைக்கத்தான். 112 நாள் கணக்கு உடைந்தது. செயலியைத் திறந்தால் 300 நிலை பாக்கி, 400 நிலை பாக்கி என்று கடன்காரன் மாதிரிக் கணக்குக் காட்டும். கொஞ்ச நாளில் திறக்கவே மனம் வரவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரனின் அப்பா ஓட்டோ ஓட்டுகிறவர். பெற்றோல் வரிசையில் அவர் ஒரு இரவு, இவன் ஒரு பகல் என்று மாறி மாறிக் கிடந்தார்கள். ஓட்டோவின் பின் சீற்றில் காந்தப் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களோடு இவன் விளையாடினான். ஒரு நாள் நாங்களும் வெள்ளவத்தையில் இருந்து போனோம். பாதித் தூரம் நடை, ஏனென்றால் பஸ்ஸும் இல்லை. முன் ஓட்டோவில் இருந்த ஒரு வயசாளி, சாரம் கட்டினவர், வாயில் வெற்றிலை, வந்து எதிரே இருந்தார். இவன் எவன்ஸ் காம்பிட் வைத்தான். அவருக்குப் பெயர் தெரியாது, ஆனால் பயப்படவும் இல்லை. நாலாவது நகர்வில் இவன் பி சிப்பாயைச் சும்மா கொடுத்தபோது தலையை நிமிர்த்திக் கேட்டார்:

"தம்பி, இத ஏன் சும்மா குடுக்குற?"

"ஆப்புல அப்படித்தான் காட்டும் ஐயா."

"அப்ப நான் ஆப்போடதானே விளையாடணும், உன்னோட ஏன் விளையாடுறேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிப்பாயைச் சாப்பிட்டார், இன்னொன்றையும் சாப்பிட்டார், 30 நகர்வுக்குள் இவனை முடித்தும்விட்டார். இவன் அதற்குப் பிறகு ஒரு கிழமை எங்கள் ஒருத்தருக்கும் மெசேஜ் போடவில்லை. பிறகு ஒரே ஒரு வரி வந்தது: "இனிமே 'ஏன்' இல்லாம ஒரு மூவும் உள்ள போகாது."

அதுதான் எங்கள் சட்டம் ஆனது. லீசெஸில் 'ஸ்டடி' என்று ஒன்று இருக்கிறது. நாலு பேரும் ஒரே பலகையில் வரிகளைப் போடலாம், ஒவ்வொரு நகர்வுக்குக் கீழேயும் எழுதலாம். பிறகு அந்தக் கோப்பை அப்படியே எடுத்துப் பயிற்சிச் செயலிக்குள் போட்டால், நிலையோடு எழுதினதும் வரும். 700 நிலைகளையும் அழித்தோம். அழிக்கிற அன்று உண்மையாகவே வயிற்றைக் கலக்கியது, ஒன்றரை வருச உழைப்பு. திரும்ப ஒவ்வொன்றாகப் போட்டோம். ஒரு நகர்வு உள்ளே போவதென்றால் போடுகிற ஆள் அதற்குக் கீழே ஏன் என்று தமிழில் எழுத வேண்டும், மற்ற மூன்று பேரில் ஒருத்தர் "வேற ஒண்டு வைச்சால் என்ன?" என்று கேட்டு, அதற்கும் மறுமொழி எழுத வேண்டும். எச்4க்குக் கீழே இப்போது இருப்பது அவளே எழுதினது: "ஜி4 வரப்போகுது. உன்ர பிஷப்புக்கு வீடு இருக்கோ எண்டு முதல்ல பார். இல்லாட்டி எச்5." கூடவே ஈ6 போட்டால் என்ன நடக்கும் என்ற வரியும் முழுசாக இருக்கிறது. பிழையான வழியைப் போய்ப் பார்த்தால்தான் சரியான வழி ஞாபகம் நிற்கிறது. சரியை மட்டும் பச்சை பச்சையாகக் காட்டுகிற செயலியில் இது இல்லை.

700 இருந்த இடத்தில் 90 வந்து நின்றது.

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதுவது எங்கட மாதிரி இருக்காது. எங்கட 'எண்டு'வை அவன் நக்கலடிப்பான், அவன்ர 'ன்னு'வை நாங்கள் அடிப்போம். "இங்க அவசரப்படாத மச்சான், குதிரை மொதல்ல வரட்டும்." "ராணிய வெளிய எடுக்காத, கெஞ்சிக் கேக்குறேன்." "இது எனக்கும் வெளங்கல. ஆனா மூணு தடவ தோத்தேன், அதனால வேணாம்." கடைசியாகச் சொன்னதை விட நேர்மையான விளக்கத்தை நாங்கள் எந்த ஓப்பனிங் புத்தகத்திலும் காணவில்லை.

பின்னாளில் குகேஷைப் பற்றி வாசித்தபோது இவன் போட்ட சத்தம் இருக்கே. 2024 டிசம்பர் 12 சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலகச் சம்பியன் ஆனாரே, அந்த குகேஷின் பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500 தாண்டும்வரை அவரை எஞ்ஜின் பாவிக்க விடவில்லை. "பாத்தியா, நானும் விஷ்ணுவும் ஒண்ணு" என்று வொய்ஸ் வந்தது. எங்கட ரேட்டிங் எதுவும் 1600ஐத் தாண்டவில்லை என்பதை யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை. எஞ்ஜினே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவும் இல்லை. முதலில் நாங்கள் நினைத்ததை எழுதிப்போட்டு, பிறகுதான் ஸ்டொக்ஃபிஷைப் போட்டுப் பார்ப்போம். முதலே போட்டால் யோசிக்கிற வேலை நின்றுவிடும்.

அவள் திரும்ப ஒரு தரம் எச்4ஐச் சந்தித்தாள், 2022 கடைசியில். கையைத் தொடையின் கீழ் வைத்துக்கொண்டு ஆறு நிமிசம் இருந்தாள். தண்ணி குடித்தாள். எச்5 வைத்தாள். அந்த ஆட்டத்தையும் தோற்றாள்தான், ஆனால் 52ஆவது நகர்வில், ரூக் எண்ட்கேமில். வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தாள்.

2022 ஏ.எல். சோதனை 2023 ஜனவரியில்தான் நடந்தது. அது முடிந்து சில மாதத்தில் கொட்டாஞ்சேனைக்காரன் டோஹா போய்விட்டான். பாஸ்போட்டுக்கு நின்ற வரிசையிலும் காந்தப் பலகையைக் கொண்டுபோனதாகச் சொன்னான். போக முதல் நாள் பலகையை எங்களிடம் தந்தான், ஒரு கறுப்புக் குதிரை குறைவு, அதற்குப் பதிலாக ஒரு சட்டைப் பொத்தான். அங்கே 12 மணித்தியால வேலை. செஸ் விளையாடுவது இல்லை. அவனின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளியைக் கண்டு கன மாதம்.

ஆனால் செயலிக்கு அது தெரியாது. அது தன்ர கணக்கில் இருக்கிறது. மூன்று மாத இடைவெளிக்குப் போன அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. காலி வீதியில் பஸ் நிற்கிற நேரம் போனைத் திறந்தால் திடீரென்று "ராணிய வெளிய எடுக்காத, கெஞ்சிக் கேக்குறேன்". யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குழுவில் போடுவோம். அவன் இரவு ஒரு மணிக்கு ஒரு சிரிப்புப் போடுவான்.

இப்போது பிரச்சினை எவன்ஸ் காம்பிட். வில்லியம் டேவிஸ் எவன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கப்பல் கப்டன் 1820களில் கண்டுபிடித்த வழி இது. துறைமுகத்துக்கு மேலே பிறந்த தனக்குத்தான் இது பொருத்தம் என்று இவன் சொல்லுவான். 1995இல் ரீகாவில் காஸ்பரோவ் இதை வைத்து ஆனந்தையே 25 நகர்வில் வென்றிருக்கிறார், ஆகவே பழசு என்று தள்ளவும் ஏலாது. ஆனால் இவன் போட்டு வைத்திருக்கிற ஒரு கிளை உண்மையாகவே சரியில்லை. ஸ்டொக்ஃபிஷ் கறுப்புக்கு நல்லது என்கிறது, போன மாதம் எங்களில் இரண்டு பேர் அதே இடத்தில் தோற்றும்விட்டோம். மாற்ற வேண்டும் என்றால் அந்தக் கிளையை அழிக்க வேண்டும். அழித்தால் அதில் இருக்கிற பதினொரு குறிப்பும் போகும். சட்டப்படி மாற்றத்தான் வேண்டும், "ஏன்" என்பதற்கு இனி மறுமொழி இல்லை. நாலு கிழமையாகக் கதைக்கிறோம்.

கடைசியில் எஞ்ஜினின் கணக்கைப் படம் எடுத்து அவனுக்கே அனுப்பினோம். இரண்டு நாள் மறுமொழி இல்லை. மூன்றாம் நாள் வொய்ஸ், பின்னால் ஏதோ லொறி பின்னுக்கு எடுக்கிற சத்தம்: "அந்த ஸ்டொக்ஃபிஷ கொட்டாஞ்சேனைக்கு வந்து விளையாடச் சொல்லு. பெற்றோல் கியூல. பாப்போம்."

கிளை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த ரிவிஷன் வருகிற செவ்வாய்.